குத்தாலத்தின் தொண்டையும் செண்பகராமனின் கார்டும்

எழுந்திரு சவமே என்று செண்பகராமன் மடிக்கணினியைப் பார்த்துச் சொன்னது இது மூன்றாவது தடவை. அதுவும் சளைக்காமல் மூன்றாவது தடவையாகத் திரையின் மூலையில் குறுக்குக் கோடு போட்ட அந்தச் சின்ன விசிறியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோடு என்றால் சும்மா கோடு இல்லை, பரீட்சைத் தாளைப் படித்துப் பார்க்காமலே சில வாத்தியார்கள் அடிப்பார்களே, அந்த மாதிரி. வைஃபை கிடையாது, போ. மணி ஒன்பது நாற்பது. நம்ம ஊர் நேரம் பதினோரு மணிக்கு மஸ்கட்டில் அவர் தம்பி குற்றாலிங்கத்தின் கழுத்தைத் திறக்கப் போகிறார்கள். குரல்வளையில் கட்டி. கட்டியை மட்டும் சுரண்டி எடுக்கிற கட்டம் தாண்டிப் போச்சு, குரல்வளையோடு சேர்த்தே எடுக்கிறார்கள், அப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு போகும் வரும், பேச்சு மட்டும் வராது. தம்பி மகன் தினகர் நேற்று இவர் பெண்டாட்டி பரமகல்யாணியின் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போடுங்க பெரியம்மா என்று சொல்லிவிட்டு ஒப்பித்தான்: "பெரியப்பா, பத்தரையிலேருந்து பதினொண்ணு வரைக்கும் அப்பாகூட நாங்க இருக்கலாம். லிங்க் அனுப்பிருக்கேன், கம்ப்யூட்டர்ல அதை அமுக்கினாப் போதும். உங்ககிட்ட பேசணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்காங்க." படுத்துக் கிடக்கிறவன் எப்படிடா ஒற்றைக்காலில் நிற்பான் என்று கேட்க நாக்கு துடித்தது. பதினோரு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சு இல்லாததால் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். போனை வைத்ததும் பரமகல்யாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமேயாவது பேசித் தொலைங்க, சாகப் போற மனுசன்" என்றாள். "சாகல்லாம் போகலட்டி, ஊமையாத்தான் போறான்" என்றார் இவர். அதற்கு அவள் பார்த்த பார்வையில் அடுப்பு எரிக்கலாம். இன்றைக்கு விடியுமுன்னே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு குலசை அம்மன் கோயில் தசராவுக்குப் பஸ் ஏறிவிட்டாள், போனையும் எடுத்துக்கொண்டு. அந்த ஜனக்கூட்டத்தில் போனுக்கு டவர் கிடைத்தால் அது அம்மனே நேரில் வந்து கொடுத்ததாக இருக்கவேண்டும். செண்பகராமனுக்கென்று தனியாகப் போன் கிடையாது. முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்து வயர்லெஸ் அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக் காது மடல் தழும்பேறியவர், ஓய்வு பெற்ற அன்றே இனி ஒரு எளவையும் காதில் வைக்கமாட்டேன் என்று சொல்லி அதன்படியே நின்றவர். ஆக இந்தப் பெட்டி ஒன்றுதான். இது செத்தால் இன்றைக்கு எல்லாம் செத்தது.

அவருக்கு வேண்டியது பேச்சுகூட இல்லை, தம்பி வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம். நான் அன்றைக்குச் சபையில் சொன்னது பொய், அண்ணன் சொன்னதுதான் நிஜம். எட்டே எட்டு வார்த்தை, எண்ணிக்கூடப் பார்த்துவிட்டார். எழுதிக் கொடுத்தால் போதாதா என்று பரமகல்யாணி கேட்பாள், அவளுக்கு என்ன தெரியும், எழுத்தை எவனும் எழுதுவான், சபையில் வாயால் அவிழ்த்துவிட்டதை வாயால்தான் கட்டவேண்டும், அந்த வாய் பதினொன்றுக்குப் பிறகு கிடையாது. சபை என்றால் செண்பகராமனின் மகள் கல்யாணச் சபை. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சம்பந்திமார் எல்லாம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். செண்பகராமன் புயல் கதையை எடுத்து அப்போதுதான் உச்சிக்குக் கொண்டுபோகிறார். துறைமுகத்துக்கு வெளியே ஒன்பது கப்பல் தத்தளிக்கிறது, காற்றில் ஏரியல் கம்பி அறுந்துவிட்டது, இவர் நூற்றிருபது அடிக் கோபுரத்தில் ஏறி அறுந்த ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைப் பல்லால் கடித்து, ராத்திரி முழுக்க, கப்பலுக்குப் போன தந்தியின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் இவர் கடைவாய்ப் பல் வழியாகத்தான் போச்சு. ஒன்பது கப்பல் மாலுமிகளின் பெண்டாட்டிமாருக்கும் தாலி நின்றது இந்தப் பல்லால்தான் என்று பல்லைத் தட்டிக் காட்டுகிறார். சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார், வெற்றிலைச் சாறு வேட்டியில் சொட்டுகிறது, அதுகூடத் தெரியவில்லை மனுஷனுக்கு. அந்த நேரம் பார்த்துத் தம்பி குற்றாலிங்கம், ஊரில் எல்லோருக்கும் அவன் குத்தாலம்தான், பக்கத்து நாற்காலியிலிருந்து சத்தமே உயர்த்தாமல் சொன்னான்: "அண்ணே, அன்னைக்கு நீ நூத்திமூணு காய்ச்சலோட ஜமுக்காளத்துக்குள்ளல்லா கிடந்தே. பல்லுல கடிச்சிருந்தது தெர்மாமீட்டருண்ணே." சபை சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறா எல்லாம் பறந்தது. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், செண்பகராமனை அன்றிலிருந்து அரித்துக்கொண்டிருப்பது வேறு. அவன் ஒரே வரியில் சொன்னது இவர் அரைமணி நேரம் கட்டியதைவிட நன்றாக இருந்தது. அதை மன்னிக்க முடியுமா. அடித்தவனை மன்னிக்கலாம், பெண்டாட்டியைப் பற்றித் தப்பாகப் பேசினவனைக்கூட ஒரு வயசுக்கு மேல் மன்னிக்கலாம், நம்மைவிட நன்றாகச் சொன்னவனை எப்படி மன்னிப்பது.

சரி, வேலையைப் பார். கறுப்புத் திரையைத் திறந்து, துறைமுகத்து லாக் புத்தகம் மாதிரியே கோடு போட்டு வைத்திருந்த நோட்டைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக ஒற்றை விரலில் குத்தினார். இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டதும் ஒரு விரோதத்தில்தான். பழுது பார்க்கிற கடைப் பையன், இது பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும், புதுசு வாங்கிருங்க தாத்தா என்றான். தாத்தா என்றதுதான் தப்பாகப் போச்சு. மறுநாளே ஒரு பென்டிரைவை வாங்கி, மூன்று நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் பழைய விண்டோஸ் ஜன்னல் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸை ஏற்றி, அதே கடை வாசலில் கொண்டுபோய்ப் பாட்டுப் பாடவிட்டுக் காட்டிவிட்டு வந்தார். இரண்டு வருஷம் ஓடிற்று, ஒரு நாள் முரண்டு பண்ணவில்லை. முந்தாநாள் வரைக்கும் ஓடிற்று. நேற்று ஆயுத பூஜை. ரேடியோப் பெட்டி, ஸ்குரு டிரைவர், அரிவாள்மனை, தையல் மெஷின், எல்லாவற்றோடும் இதையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் சாத்தி வைத்தாச்சு, வைத்ததைப் பொழுது விடிந்து மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது, அதனால் தினகர் அனுப்பின லிங்க்கைக்கூட நேற்று திறந்து பார்க்கவில்லை. இன்று கற்பூரம் காட்டி எடுத்து வைத்தால் இந்த லட்சணம். கேபிள் குத்துகிற ஓட்டை போன ஐப்பசி இடியிலேயே செத்துப்போச்சு, காற்றில் வருகிற வைஃபையை விட்டால் வேறு வழியில்லை. நோட்டில் முதல் கமாண்ட், கார்டு உள்ளே இருக்கிறதா என்று கேட்பது. இருக்கிறேன் என்றது, பெயரும் நம்பரும் சொல்லி. இரண்டாவது கமாண்ட், டிரைவர் ஏறியிருக்கிறதா, அதாவது அந்தக் கார்டை வேலை வாங்குகிற புரோகிராம். ஏறியிருக்கிறது. மூன்றாவது, எழுந்து நில் என்று உத்தரவு. முடியாது என்றது. இருக்கிறானாம், நன்றாகத்தான் இருக்கிறானாம், ஆனால் பேசமாட்டானாம். இது எந்த வீட்டு வழக்கம் என்று செண்பகராமனுக்குத் தெரியாதா, பதினோரு வருஷமாகத் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து கிடையாது, இவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கிடையாது, பரமகல்யாணிகிட்டக் கேட்டானாம், அவகிட்டக் கேட்டா ஆச்சா, கண்ணு அவளுக்கா போச்சு.

ஒன்பது ஐம்பத்திரண்டு. முந்தாநாள் சாயங்காலம் அப்டேட் வந்திருக்கிறது போடட்டுமா என்று கேட்டது, இவர் டீ குடித்துக்கொண்டே போடு என்று அமுக்கினார். அதுதான். அதுவேதான். ஓடுகிற வண்டியில் எதற்கு இந்தப் பயல்கள் கையை விடுகிறார்கள், உலகத்து மூலையெல்லாம் உட்கார்ந்துகொண்டு எவனோ கண்ணாடி போட்டவன் எதையோ நோண்டி, தூத்துக்குடியில் ஒருத்தன் தம்பிகிட்டப் பேசமுடியாமல் ஆக்கியாச்சு. பெட்டியை அணைத்துத் திரும்பக் கிளப்பி, பழைய லினக்ஸ் எது என்று பட்டியலில் கீழே இறங்கித் தேர்ந்தெடுத்தார். வட்டம் சுற்றியது. சுற்றட்டும். நெற்றியில் வேர்வை, தலைக்கு மேல் விசிறி ஓடுகிறது, ஆனாலும் வேர்வை, பயமா, பயமெல்லாம் இல்லை, ஆத்திரம். அவன் தொண்டை போனால் எனக்கென்ன. சின்ன வயதில் அந்தத் தொண்டையால் எத்தனை தடவை கோள் சொல்லியிருக்கிறான், அண்ணன் பீடி குடிச்சான்ப்பா, அண்ணன் மார்க் ஷீட்டுல ஆறை எட்டாத் திருத்தினான்ப்பா, எல்லாம் இந்தத் தொண்டைதான், போகட்டும், ஆனால் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அந்த எட்டு வார்த்தையைக் கக்கிவிட்டுப் போகட்டும். வட்டம் நின்றது. பழைய லினக்ஸும் அதே விசிறி, அதே கோடு. டிரைவரைக் கழற்றித் திரும்ப மாட்டினார். அதே கோடு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்றைக்கோ எழுதிவைத்த ஒரு கமாண்ட் இருந்தது, ரேடியோ பூட்டியிருக்கிறதா என்று கேட்பதற்கு. குத்தினார். இரண்டு வரி வந்தது: மென்பூட்டு, இல்லை. வன்பூட்டு, ஆம். அவர் மொழியில் சொன்னால் அப்படித்தான். புரோகிராம் பூட்டவில்லை, ஏதோ ஒரு கை பூட்டியிருக்கிறது, கையால்தான் திறக்கவேண்டும். எந்தக் கை? இந்தப் பெட்டியில் பூட்டு ஏது? இரண்டு வருஷத்தில் ஒரு தடவை பூட்டினவருமில்லை திறந்தவருமில்லை. என்னவென்று இண்டர்நெட்டில் தேடிப் பார்க்கலாம், அதற்கு இண்டர்நெட் வேண்டும். சிரித்துவிட்டார், தன்னை மீறி, ஒரு கெட்ட சிரிப்பு. துறைமுகத்தில் கோபுரக் கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று இன்டர்வியூவில் ஒரு துரைமாதிரி ஆள் கேட்டான், வயர்லெஸில் சொல்லிப் பழுது பார்க்கிறவனைக் கூப்பிடுவேன் சார் என்று சொல்லி வேலையும் வாங்கினவர் இவர். கம்பி. அந்தக் கம்பியின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது, செம்பு ருசி, உப்புக் காற்றோடு கலந்து. காய்ச்சல்காரன் வாயிலும் அப்படி ஒரு செம்பு ருசி இருக்கும்தான். அதற்காக? எத்தனையோ பேருக்கு இருக்கும். ஜமுக்காளத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தது, அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது, கோபுரத்தின் மேலே ஏது ஜமுக்காளம். பத்து மணி ஏழு.

"என்னவே, விஜயதசமியும் அதுவுமா யாரைப் போட்டு இந்த வையி வையுதீரு?" குரல் மதிலுக்கு மேலேயிருந்து வந்தது. தபாலாபீஸ் ஞானதுரை, பக்கத்து வீடு, முருங்கைக் கிளை யார் பக்கம் சாய்ந்தது என்ற விஷயத்தில் நாலு வருஷப் பகை. மகள் கல்யாணச் சபையில் இரண்டாவது வரிசை. சிரித்ததில் இவன் சத்தம்தான் தனியாகக் கேட்டது, தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டின மாதிரி. "மெஷினை வையுதேன்" என்றார் செண்பகராமன், தலை தூக்காமல். "மெஷின் என்ன சொல்லுது?" "உம்மை மாதிரிதான் ஓய். இருக்கேன் இருக்கேங்குது, ஒரு பிரயோசனமும் இல்ல." ஞானதுரை இதற்கெல்லாம் கோபப்படுகிற ஜாதி இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மதிலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார். "தம்பிக்கு இன்னைக்குத்தான ஆபரேசன்?" "உமக்கு யாரு சொன்னா?" "மதினிதான் போகும்போது சொல்லிட்டுப் போனாங்க. அவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்கண்ணாங்க." "பாக்கத்தானே சொன்னா? பேசச் சொல்லலல்லா? பாத்துக்கிட்டே இரும்." ஞானதுரை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மதில் மேல் வைத்தார், பிரியாணிப் பொட்டலம் வைக்கிற மாதிரி. "இதுல பேசும் அண்ணாச்சி. லிங்க்கோ கிங்க்கோ, எம்மக வந்து எடுத்துத் தருவா. நேரமாகுதுல்லா." இவ்வளவு கிட்டத்தில் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் கை எட்டும். செண்பகராமனின் கால்கூட ஒரு நொடி தரையில் அழுந்தியது. அப்போது பார்த்து ஞானதுரைக்கு வாய் சும்மா இருக்கவில்லை: "புயல்ல ஒன்பது கப்பலுக்கு லைன் குடுத்த மனுசனுக்கு, வீட்டுக்குள்ள பத்தடி தூரத்துக்கு லைன் கிடைக்கல பாத்தீரா காலத்தை." கால் அப்படியே தளர்ந்தது. "போனை எடுத்துட்டுப் போரும் ஓய். வெயில்ல வெடிச்சிரப் போவுது." "நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? தமாசுக்கு..." "எடுத்துட்டுப் போரும்!" ஞானதுரை போனை எடுத்துக்கொண்டார். போகிறபோது, தனக்குத்தானே என்கிற மாதிரி, ஆனால் இவர் காதில் விழுகிற மாதிரி, "தொண்டை போறவனுக்கு இருக்க அவசரம்கூட இந்தக் கோட்டிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணி பத்தொன்பது.

கோட்டி என்றால் கோட்டி, பைத்தியம் என்றால் பைத்தியம், இருக்கட்டும். வன்பூட்டு. கை பூட்டினது. அப்படியென்றால் உள்ளே கார்டு நகர்ந்திருக்கவேண்டும், பூஜைக்குத் துடைத்தபோது பரமகல்யாணி ஓங்கி வைத்திருப்பாள், அவளுக்குத் தையல் மெஷினும் ஒன்று கம்ப்யூட்டரும் ஒன்று. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். ஸ்குரு டிரைவரும் பூஜையில் இருந்ததுதான், அதன் கழுத்திலும் சந்தனப் பொட்டு, அதைத் துடைக்க நேரமில்லை, பொட்டோடேயே திருகினார். பதினோரு ஸ்குரு. ஏழாவது ஸ்குரு மண்டை தேய்ந்துபோய் வழுக்கியது, அதை வைத பாஷையை எழுத முடியாது. மூடியைத் திறந்தால் உள்ளே தூசி, ஒரு செத்த எறும்பு, மூலையில் தீப்பெட்டிப் பட்டையளவில் கார்டு, இரண்டு மெல்லிய கம்பி அதன் தலையில் குத்தியிருக்கிறது, ஒன்று கறுப்பு ஒன்று சாம்பல். இதுதான் இந்தக் காலத்துக் கோபுரம். இதைப் பல்லால் கடிக்கவேண்டுமென்றால் எறும்புப் பல் வேண்டும், இவர் பல்லோ இப்போது கட்டின பல், ராத்திரி கிண்ணத்தில் தூங்குகிறது. கார்டை மெல்ல இழுத்து, ஊதி, திரும்பச் செருகினார். கார்டு உட்கார்ந்தது. இந்த விரலுக்கு எழுபத்தி நாலு வயசு. தம்பிக்கு அறுபத்தேழு. இவர் முதுகில் ஏறிக்கொண்டு குளத்தில் நீச்சல் படித்த பயல், கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்டவைப்பான், விடுல விடுல என்றால் இன்னும் இறுக்குவான். அந்தக் கழுத்தில் கத்தி. எத்தனை அங்குலம் அறுப்பார்கள்? மயக்கத்தில் கனவு வருமா, கனவில் பேசுவானா, பேசினால் அந்தக் குரல் எங்கே இருக்கும்? சீ, எனக்கு என்ன இதெல்லாம். வாக்கியம், எட்டு வார்த்தை, அவ்வளவுதான். மூடியைப் போட்டுத் திருகினார், மூன்று ஸ்குரு மிச்சம் இருந்தது, மிச்சம் இருக்கட்டும். கிளப்பினார். விசிறி. கோடு. பத்து மணி முப்பத்தாறு. அங்கே லிங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். வரமாட்டான், எனக்குத் தெரியும் உங்க பெரியப்பனை, என்று மகனிடம் சொல்லியிருப்பான். சொல்லட்டுமே. அதையும் மிச்சமிருக்கிற குரலில் சொல்லித் தீர்க்கட்டும். செண்பகராமன் மடிக்கணினியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார், தரையில் அறைவதற்குத்தான் தூக்கினார், அதில் சந்தேகமே வேண்டாம், தலைக்கு நேரே தூக்கினபோது பெட்டியின் முன்பக்க விளிம்பு முகத்துக்கு எதிரே வந்தது. அங்கே ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். நாலு பக்கமும் வைக்கவேண்டும் என்று பரமகல்யாணியை நம்பாமல் அவரே வைத்தது, பன்னீர் விட்டுக் குழைத்து, கட்டை விரலால் அழுத்தி, இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு. பொட்டின் ஓரத்தில் ஏதோ ஒரு மேடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். சந்தனம் சிமெண்டாகக் காய்ந்திருந்தது. பொருக்கு உதிர உதிர உள்ளே அரிசியளவு ஒரு குமிழ், பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச், அதன் பக்கத்தில் தேய்ந்துபோன படம், விசிறி மாதிரி மூன்று கோடு. இரண்டு வருஷமாக முன்னாலேயே இருந்திருக்கிறது. கட்டை விரல் இழுத்த இழுப்பில் அது அந்தப் பக்கம் நகர, சந்தனம் அதை அங்கேயே வைத்துப் பூசி அடைத்துவிட்டது. பூட்டின கை யாருடையது என்று தெரிந்துபோச்சு. செண்பகராமன் அந்தக் கையைப் பார்த்தார். உலகத்தில் வைவதற்கு ஆள் இல்லாமல் போன அந்த ஒரு நிமிஷம் போல அவருக்கு எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை. சுவிட்ச் நகரவில்லை. ஊக்கை எடுத்துக் குத்தினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார், மறுபடி ஊக்கு, மறுபடி எச்சில், நாக்கில் சந்தனம் கசந்தது, டிக் என்று ஒரு சத்தம். செம்மஞ்சளாக எரிந்த விளக்கு நீலமானது. திரையில் கோடு போனது. பத்து மணி நாற்பத்தெட்டு.

லிங்க்கைத் திறந்தபோது முதலில் தெரிந்தது தினகரின் மூக்கு, அப்புறம் ஒரு பச்சைத் திரை, அப்புறம் குத்தாலம். பாதியாகிவிட்டான். கழுத்தில் ஊதா மையால் கோடு வரைந்திருந்தது, தையற்காரன் துணியில் வரைகிற மாதிரி. தலைமாட்டில் ஒரு மலையாள நர்ஸ் ஏதோ குழாயைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏல குத்தாலம்" என்றார் செண்பகராமன். தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் வரிசையாகத்தான் நின்றது. "நீ அன்னைக்கு எம்மக கல்யாணத்துல..."

குத்தாலம் கையைத் தூக்கி நிறுத்தினான். வந்த குரல் தேங்காய் நாரைத் தகரத்தில் இழுத்த மாதிரி இருந்தது. "சிஸ்டர், இங்க பாருங்க. இதான் எங்க அண்ணன். நான் சொன்னேம்லா. புயல்ல, கோபுரத்துல ஏறி, கம்பியைப் பல்லுல கடிச்சு, பன்னெண்டு கப்பலைக் காப்பாத்தினவரு."

"அய்யோ, சத்யமாணோ?" என்று நர்ஸ் திரைக்குள் குனிந்து பார்த்தாள்.

"சத்தியமா. தலைகீழாத் தொங்கிக்கிட்டு. மேல இடி விழுது. இடியையே கையால..." இருமினான். உடம்பு முழுக்க இருமியது. தினகர் நெஞ்சைத் தடவ, வேண்டாம் என்று தள்ளினான்.

பன்னிரண்டா? ஒன்பதுதானே. இடி எங்கே வந்தது இதில்? கேலி பண்ணுகிறானா? செண்பகராமன் அந்த முகத்தில் கேலியைத் தேடினார், ஒரு மூலை விடாமல் தேடினார், கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாமே என்று. மனுஷன் நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்தான், மிச்சமிருந்ததை வழித்து வழித்து, காசு மாதிரி எண்ணாமல், இறைத்துக்கொண்டிருந்தான். கேட்க வந்த எட்டு வார்த்தைக்கு மேலேயே வந்தாச்சு. போதும் என்று இருந்திருக்கலாம். பத்து மணி ஐம்பத்து நாலு.

"நிறுத்துல!" என்று கத்தினார். "பொய் சொல்லுதான் சிஸ்டர், நம்பாதீங்க. நான் அன்னைக்கு வேலைக்கே போகல. காய்ச்சல்ல கிடந்தேன். புயலுக்குள்ள போனது இவன். லீவு லெட்டர் குடுக்கலன்னா என் வேலை போயிரும்னு, லெட்டரைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் பத்தொன்பது வயசுல இவன்தான் போனான். ஆறு மைல். சைக்கிளைக் காத்து தூக்கிட்டுப் போச்சு. மரமெல்லாம் ரோட்டுல. நடந்தே போனான். ஆபீஸ் வாசல்ல கழுத்தளவு தண்ணி, அதுல நீந்தி..."

"முழங்காலளவுதாண்ணே" என்றான் குத்தாலம்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். தினகரும். பின்னால் யாரோ கட்டிலின் பூட்டை விடுவிக்கிற சத்தம் கேட்டது, இரண்டு பேர் பச்சைச் சட்டையில் வந்து இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன் நின்றார்கள். தினகர் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தான், படம் ஆடியது, கூரை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"கழுத்தளவுன்னுதாம்ல சொல்வேன்!" செண்பகராமன் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினார். "பாக்கிறவன்கிட்டல்லாம் சொல்வேன். ஞானதுரைகிட்டயும் சொல்வேன். கழுத்தளவு தண்ணி, கேட்டுக்க! இனி உன்னால என்னல பண்ண முடியும்?"

குத்தாலம் ஓடுகிற கட்டிலில் கிடந்தபடியே விரலை முழங்காலுக்கு நேரே நீட்டி, அங்கே, அங்கே என்று காட்டிக்கொண்டு போனான்.